வைக்கோலிலிருந்து எரிபொருள்: தடை நுண்ணுயிரிலா, நொதியிலா, ஆலையிலா?

செம்பருத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். வைக்கோலில் உள்ள செல்லுலோஸை நொதியால் சர்க்கரையாக்கி, அதை ஈஸ்ட்டுக்குக் கொடுத்து எத்தனால் எடுப்பதுதான் என் ஆய்வுத் திட்டம்.

விற்பனைக்குக் கிடைக்கும் செல்லுலேஸ் கலவையைத்தான் பயன்படுத்துகிறேன். பிஹெச் 4.8, வெப்பநிலை 50 டிகிரி, நேரம் 72 மணி. வடிதாளைப் போட்டால் கிட்டத்தட்ட முழுசாகக் கரைந்துவிடுகிறது. அதே நொதியை அதே அளவில், மாவாக அரைத்த வைக்கோலில் போட்டால், அதன் செல்லுலோஸில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சர்க்கரையாகவில்லை. வைக்கோலின் மொத்த எடைக்கு அல்ல, செல்லுலோஸ் எடைக்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

இது ஏன் என்பது முதல் கேள்வி. இன்னொன்றும் மனதை அரிக்கிறது. விவசாயக் கழிவிலிருந்து சுத்தமான எரிபொருள் இதோ வந்துவிடும் என்று பழைய கட்டுரைகளில் எல்லாம் இருக்கிறது. ஆனால் கட்டிய பெரிய ஆலைகள் பல மூடிக் கிடக்கின்றன. நுண்ணுயிர்களால் முடியவில்லையா, மனிதர்களால் முடியவில்லையா? இந்தத் துறையிலேயே தொடர்வதா என்று நான் முடிவெடுக்க வேண்டிய நேரம் இது. தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


நொதிவிரும்பி எழுதியது:

உங்கள் நொதியில் குறை இல்லை. வடிதாளும் வைக்கோலும் அதன் கண்ணுக்கு வெவ்வேறு பொருட்கள். வடிதாளில் லிக்னினும் (செடிக்கு விறைப்புத் தரும் பசை போன்ற பொருள்) ஹெமிசெல்லுலோஸும் (செல்லுலோஸோடு சேர்ந்திருக்கும் வேறு சர்க்கரைச் சங்கிலி) ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கும். வைக்கோலில் செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் பின்னியிருக்கிறது, அதற்கும் மேலே லிக்னின் அப்பிக்கிடக்கிறது. மாவாக அரைத்தாலும் அந்தத் துகளுக்குள் இந்த அமைப்பு கலைவதில்லை. நொதி மூலக்கூறு நுழையும் அளவுக்குத் துளைகள் கிடையாது.

செல்லுலோஸே கடினமானது என்பதும் உண்மை. மாவுப்பொருளும் செல்லுலோஸும் இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிதான். மாவுப்பொருளில் ஆல்ஃபா பிணைப்பு, சங்கிலி சுருண்டு தளர்வாக இருக்கும், தண்ணீர் எளிதில் உள்ளே போகும். செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. சங்கிலிகள் நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிப் படிகமாகிவிடுகின்றன. நொதி எதுவும் இல்லாமல் அறை வெப்பநிலைத் தண்ணீரில் அந்தப் பிணைப்புகளில் பாதி அறுபட ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதைச் சில நாட்களில் முடிக்கும் ஒரு புரதத்தை மெத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நீங்கள் பயன்படுத்தும் கலவை அநேகமாக டிரைக்கோடெர்மா ரீசி பூஞ்சையிலிருந்து வந்ததாக இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் மக்கிப்போய்க்கொண்டே இருந்தன. ஏன் என்று தேடியபோது கிடைத்த பூஞ்சை அது. எல்வின் ரீஸும் மேரி மேண்டல்ஸும் அமெரிக்க ராணுவத்தின் நாட்டிக் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் அதை ஆராய்ந்தார்கள். பிறகு ரீஸின் பெயரையே அதற்கு வைத்தார்கள். துணியைக் காப்பாற்றத் தொடங்கிய ஆராய்ச்சி, செல்லுலோஸை உடைக்கும் தொழிலுக்கே அடித்தளமாகிவிட்டது. இன்றைக்கும் வணிகச் செல்லுலேஸ்களில் பெரும்பகுதி அந்த வம்சத்தின் திரிபுகளிலிருந்துதான் வருகிறது.

அந்தக் கலவையில் என்ன இருக்கிறது? எண்டோகுளுக்கனேஸ் சங்கிலியை நடுவில் வெட்டி புது முனைகளை உருவாக்கும். செல்லோபயோஹைட்ரோலேஸ் அந்த முனையைப் பிடித்துக்கொள்ளும். அதன் செயல்மையம் ஒரு சுரங்கம். ஒரு சங்கிலி படிகத்திலிருந்து உரிந்து அந்தச் சுரங்கத்துக்குள் இழுபட்டுப் போக, மறுபக்கம் இரண்டிரண்டு குளுக்கோஸாக, அதாவது செல்லோபயோஸாக, வெளியே விழும். பீட்டா குளுக்கோசிடேஸ் அந்த இரட்டையைப் பிரித்துக் குளுக்கோஸாக்கும். கடைசி ஆள் சுணங்கினால் செல்லோபயோஸ் தேங்கி, முந்தைய நொதியின் வேலையையே தடுத்துவிடும்.

2010இல் இந்தப் படம் கொஞ்சம் மாறியது. நார்வே ஆய்வாளர்கள், செம்பு அணு ஒன்றை வைத்துக்கொண்டு படிகப் பரப்பையே ஆக்சிஜனேற்றம் செய்து வெட்டும் நொதி வகை ஒன்றைக் காட்டினார்கள். முதலில் நண்டு, பூச்சிகளின் ஓட்டிலுள்ள கைட்டினில் பார்த்தது, அப்புறம் செல்லுலோஸிலும் உறுதியானது. சங்கிலி முனைக்காகக் காத்திருக்காமல் படிகத்தின் மேலேயே கீறல் போடுவதால் மற்ற நொதிகளுக்குப் பிடி கிடைக்கிறது. இப்போதைய வணிகக் கலவைகளில் அது சேர்ந்தே வருகிறது.

லிக்னின் பற்றி இன்னொன்று. அது வழியை அடைப்பதோடு நிற்பதில்லை. நொதியைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு விடுவதும் இல்லை. நீங்கள் போட்ட நொதியில் ஒரு பகுதி வைக்கோலின் செல்லுலோஸைத் தொட்டிருக்கவே செய்யாது. அதனால்தான் முன்பதப்படுத்தல் என்ற படி தேவைப்படுகிறது: நீர்த்த அமிலம், அல்லது காரம், அல்லது உயரழுத்த நீராவியில் வேகவைத்துத் திடீரென அழுத்தத்தைத் திறந்துவிடுவது. அதைச் செய்யாமல் ஐந்தில் ஒரு பங்கு வந்தது எதிர்பார்க்கக்கூடிய முடிவுதான்.


தாரகை எழுதியது:

எனக்கு இது துறை இல்லை, ஆர்வத்தில் கேட்கிறேன். மாடும் கரையானும் அமிலமோ நீராவியோ இல்லாமல்தானே வைக்கோலையும் மரத்தையும் செரிக்கின்றன? அதே நுண்ணுயிர்களை எடுத்து ஒரு தொட்டியில் விட்டால் போதாதா?


நுண்ணோக்கி எழுதியது:

நல்ல கேள்வி தாரகை. மாடு முன்பதப்படுத்தல் செய்யாமல் இல்லை. அசைபோடுவதுதான் அது. இரைப்பைக்குப் போன வைக்கோல் திரும்பத் திரும்ப வாய்க்கு வந்து அரைபடுகிறது. நுண்ணுயிர்கள் ஒரு பக்கம் மென்மையாக்க, பற்கள் மறுபக்கம் புதுப் பரப்பைத் திறந்துகொண்டே இருக்கின்றன. கரையானும் மரத்தை மிக நுண்ணிய துகளாக அரைத்துத்தான் விழுங்குகிறது. அப்படியும் மாடு முழுதாகச் செரிப்பதில்லை. லிக்னினும் அதோடு ஒட்டிய நாரும் சாணத்தில் வந்துவிடும்.

விளைபொருளையும் கவனிக்க வேண்டும். அசையூண் இரைப்பையில் உருவாவது எத்தனால் அல்ல. அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்ரிக் அமிலங்கள், அவற்றோடு மீத்தேன். மாட்டுக்கு அமிலங்கள் உணவு. நமக்கு வேண்டியது வேறு.

ஆனாலும் நீங்கள் சொன்ன திசையில் தீவிரமாக வேலை நடக்கிறது. குளோஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் என்று ஒரு பாக்டீரியா, சுமார் 60 டிகிரி வெப்பத்தில், காற்றில்லாமல் வளர்வது. அது நொதிகளைத் தனித்தனியாகச் சிந்துவதில்லை. பல நொதிகளை ஒரே புரதச் சட்டத்தில் கோத்து, தன் உடலோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. செல்லுலோசோம் என்று அதற்குப் பெயர். 1980களில் எட் பேயரும் ரஃபேல் லாமெடும் கண்டறிந்தது. நொதி தயாரிப்பது, செல்லுலோஸை உடைப்பது, சர்க்கரையை நொதிக்க வைப்பது மூன்றையும் ஒரே உயிரி ஒரே கலனில் செய்கிறது. டார்ட்மவுத் கல்லூரியில் லீ லிண்ட் குழு பல ஆண்டுகளாக இதன்மேல்தான் நிற்கிறது. நொதித்தல் நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே அரைக்கும் முறையையும் அவர்கள் சோதித்திருக்கிறார்கள். அதாவது அசைபோடுதலைக் கலனுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். குறை என்னவென்றால், இந்த உயிரி எத்தனாலோடு அசிட்டிக் அமிலம் போன்றவற்றையும் தருகிறது, தொழிலுக்கு வேண்டிய எத்தனால் செறிவை எட்டுவதும் கஷ்டம். மரபணுவை மாற்றி அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள்.


கொதிகலன் எழுதியது:

நான் ஆலைப் பக்கத்து ஆள். வேதிப் பொறியியல் படித்துவிட்டு ஒரு சோதனை ஆலையில் வேலை பார்த்தேன். செம்பருத்தியின் இரண்டாவது கேள்விக்கு என் பங்கைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு டன் செல்லுலோஸ் முழுதும் உடைந்தால், தண்ணீர் சேர்வதால் 1.11 டன் குளுக்கோஸ். ஒரு கிலோ குளுக்கோஸ் அதிகபட்சம் 0.51 கிலோ எத்தனால் தரும். ஆக 567 கிலோ, லிட்டரில் சுமார் 718. நடைமுறையில் அதில் 80 சதவீதம் கிடைத்தால் நல்ல ஆலை, 575 லிட்டர். இதற்கு நொதி எவ்வளவு? அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தின் ஆலை வடிவமைப்புக் கணக்கில் கிராம் செல்லுலோஸுக்கு 20 மில்லிகிராம் நொதிப் புரதம். டன்னுக்கு 20 கிலோ. லிட்டர் எத்தனாலுக்கு 35 கிராம் புரதம்! மாவுப்பொருளிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைக்கு இதைவிடப் பல மடங்கு குறைவு போதும். ஒரு மலிவான எரிபொருளை எடுக்க இவ்வளவு புரதம் வளர்த்தாக வேண்டும் என்பதுதான் நொதியின் நிஜமான சுமை. இது முன்பைவிட நிறையக் குறைந்திருக்கிறது, இன்னும் குறைய வேண்டும்.

ஆனால் ஆலைகள் நின்றதற்கு நொதியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நான் பார்த்த வரையில் முதலில் மாட்டிக்கொள்வது வைக்கோலே. கட்டுக்கட்டாக வரும். உள்ளே மண், கல், கம்பி. ஒரு கட்டு காய்ந்திருக்கும், அடுத்தது ஈரமாக, பூஞ்சை பிடித்து இருக்கும். நெல் வைக்கோலில் சாம்பல் 10 சதவீதத்துக்கும் மேல், பெரும்பகுதி சிலிக்கா. வெட்டும் கத்தியையும் திருகு ஊட்டியையும் அது தேய்த்துத் தள்ளிவிடும். உயரழுத்தக் கலனுக்குள் தூளைத் தொடர்ந்து தள்ளும் ஊட்டி அடைத்துக்கொண்டால் ஆலை மொத்தமும் நிற்கும். எங்கள் ஆலையில் நுண்ணுயிர் கெட்டு நின்ற நாட்களைவிட ஊட்டி அடைத்து நின்ற நாட்கள் அதிகம். அப்போது ஈஸ்ட் கலன் தயாராகக் காத்திருக்கும், அனுப்பச் சர்க்கரை இருக்காது.

அடுத்தது தண்ணீர். காய்ச்சி வடிக்க வரும் திரவத்தில் எத்தனால் எடையளவில் 4 சதவீதமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நீராவிச் செலவு கிடுகிடுவென்று ஏறும். 4 சதவீதம் வேண்டுமென்றால் கலனில் 15, 20 சதவீதம் திண்மம் போட வேண்டும். அந்த அளவில் உள்ளே இருப்பது திரவமே அல்ல, சேறு. கலக்கி சுற்றாது, வெப்பம் பரவாது, நொதியும் நகராது. ஆய்வுக்கூடத்தில் 2 சதவீதத்தில் அழகாக வந்த விளைச்சல் இங்கே கண்ணெதிரே சரியும்.

இப்போது ஆலைகளின் வரலாறு. 2007இல் அமெரிக்கா போட்ட சட்டம், 2022இல் ஆண்டுக்கு 1,600 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள் வேண்டும் என்றது. அதை நம்பி அங்கே பலர் கட்டினார்கள், வேறு நாடுகளிலும் கட்டினார்கள். இத்தாலியில் கிரெஷென்டினோ 2013இல் திறந்து 2017இல் நின்றது. கேன்சஸில் அபெங்கோவா 2014இல் திறந்தது, தாய் நிறுவனமே கடனில் மூழ்க அடுத்த ஆண்டோடு முடிந்தது. அயோவாவில் டூபாண்ட் 2015இல் திறந்து 2017இல் கைவிட்டது. ருமேனியாவில் கிளேரியன்ட் கட்டிய ஆலையும் 2023இல் மூட முடிவானது. பிரேசிலில் ராய்சென் மட்டும் கரும்புச் சக்கையில் தொடர்ந்து ஓட்டியது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். சக்கை ஏற்கெனவே பிழிந்து, நசுங்கி, கழுவப்பட்டு ஆலை வாசலிலேயே குவிந்திருக்கிறது. வயல்வயலாகப் போய்ச் சேகரிக்க வேண்டியதில்லை.


நொதிவிரும்பி எழுதியது:

கொதிகலன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஹெமிசெல்லுலோஸிலிருந்து வருவது பெரும்பாலும் சைலோஸ், ஐந்து கார்பன் சர்க்கரை. வைக்கோலில் ஹெமிசெல்லுலோஸ் ஏறக்குறைய கால் பங்கு. சாதாரண ஈஸ்ட்டுக்குச் சைலோஸை நொதிக்கத் தெரியாது. அதை விட்டுவிட்டால் மூலப்பொருளில் கணிசமான பகுதி வீண்.

வேறு ஈஸ்ட்டிலிருந்து இரண்டு நொதிகளை எடுத்துப் பொருத்திப் பார்த்தார்கள். அவை இரண்டும் வெவ்வேறு துணைக்காரணிகளை (நொதிக்கு உதவும் சிறு மூலக்கூறுகளை) கேட்பதால் கணக்கு இடித்து, பாதி வழியில் சைலிட்டால் என்ற இடைப்பொருளாகத் தேங்கியது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தார் 2003இல் வேறு வழியைக் காட்டினார்கள். யானைச் சாணத்திலிருந்து பிரித்தெடுத்த பைரோமைசிஸ் என்ற பூஞ்சையின் சைலோஸ் ஐசோமரேஸ், துணைக்காரணியே கேட்காமல் ஒரே படியில் மாற்றிவிடுகிறது. அந்த மரபணு ஈஸ்ட்டில் நன்றாக வேலை செய்தது. ஃபுளோரிடாவில் லோனி இங்கிராம் குழுவோ ஈஸ்ட்டையே விட்டுவிட்டு, எல்லாச் சர்க்கரையும் தின்னும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு, சைமோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் எத்தனால் மரபணுக்களைக் கொடுத்தது. அமெரிக்காவின் 50 லட்சமாவது காப்புரிமை, 1991இல், அதற்குத்தான் போனது.

ஆகவே செம்பருத்தி, "நுண்ணுயிர்களால் முடியவில்லையா" என்ற கேள்விக்கு என் பதில்: முடியும், பல வருடங்களாகவே முடியும்.


பசுமைக்கணக்கு எழுதியது:

எல்லோரும் செய்முறையைப் பேசுகிறீர்கள், 'சுத்தமான' என்ற பாதியை விட்டுவிட்டீர்கள். நுண்ணுயிர் செய்தது என்பதாலேயே ஒரு எரிபொருள் சுத்தமாகிவிடாது.

காய்ச்சி வடிக்கும் நீராவி நிலக்கரியிலிருந்து வந்தால், சேமித்த கார்பனில் பெரும்பங்கு புகைபோக்கியிலேயே போய்விடும். பயிருக்குப் போட்ட நைட்ரஜன் உரத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றுக்குப் போகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். எரிபொருளுக்காகவே உணவுப் பயிரை எடுத்தால், அந்த உணவை விளைவிக்க வேறெங்கோ காடு அழியும். 2008இல் டிமத்தி சர்ச்சிங்கரும் உடன் ஆய்வாளர்களும் இதைக் கணக்கிட்டுக் காட்டியபோது பெரிய விவாதமே நடந்தது. எண்கள் எவ்வளவு என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. அப்படி ஒரு விளைவு உண்டு என்பதை மறுக்க முடியாது.

வைக்கோல் கழிவுதானே என்று சொல்வார்கள். மண்ணுக்கு அது கழிவு அல்ல. முழுவதையும் வாரிக்கொண்டு வந்தால் மண்ணின் கரிமம் குறையும், அரிப்பு கூடும், சாம்பல் சத்தும் வயலை விட்டுப் போகும். அறுவடைக்குப் பின் வயலிலேயே எரிக்கப்படும் வைக்கோலை எடுப்பதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். மண்ணில் உழுது மடக்கப்படும் வைக்கோலை எடுப்பது வேறு கணக்கு.


கொதிகலன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். நீராவி விஷயத்தில் மட்டும் வைக்கோலுக்கு ஒரு சாதகம் உண்டு. செரிக்காத லிக்னின் கடைசியில் மிஞ்சும், அதை எரித்தே ஆலைக்கு வேண்டிய நீராவியில் பெரும்பகுதியை எடுக்கலாம். கரும்பு ஆலைகள் சக்கையை எரித்து ஓடுவது இப்படித்தான். தானிய மாவிலிருந்து எடுக்கும் ஆலைக்கு அந்த வசதி இல்லை, வெளியிலிருந்து எரிபொருள் வாங்க வேண்டும்.

இன்னொன்று, நொதித்தலில் வரும் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறையத் தூய வாயு. புகைபோக்கியிலிருந்து பிடிப்பதைவிட இதைப் பிடிப்பது பல மடங்கு சுலபம். நிலத்தடியில் செலுத்த முடிந்தால் கணக்கு இன்னும் நல்ல பக்கம் சாயும்.


நுண்ணோக்கி எழுதியது:

இத்தனையும் படித்தபின் என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன். எந்த நுண்ணுயிர், எந்த நொதி என்று தேர்வு செய்வதற்கு முன், விளைபொருள் கலனை விட்டு எப்படி வெளியே வரும் என்று கேட்க வேண்டும். எத்தனால் தண்ணீரோடு முழுதாகக் கலந்துவிடுகிறது. அதைப் பிரிக்கக் காய்ச்ச வேண்டும். காய்ச்சினாலும் 95.6 சதவீதத்தோடு நின்றுவிடும், மிச்சத் தண்ணீரை எடுக்க மூலக்கூறு சல்லடை வேண்டும். பியூட்டனால் எரிபொருளாக எத்தனாலைவிட நல்லது, ஆனால் 1 சதவீதத்தைத் தாண்டியதும் தன்னை உருவாக்கும் பாக்டீரியாவையே முடக்கத் தொடங்குகிறது.

மீத்தேன் அப்படி இல்லை. குமிழியாகத் தானே மேலே வந்துவிடுகிறது. தண்ணீரிலிருந்து பிரிக்கச் செலவே இல்லை. வெளிக் கிருமி கலந்துவிடும் பயம் இல்லை, கிருமி நீக்கம் வேண்டாம், வெளியிலிருந்து நொதி வாங்க வேண்டாம், சைலோஸா குளுக்கோஸா என்ற கேள்வியும் எழாது. லிக்னினைத் தவிர மற்றவற்றை ஒரு நுண்ணுயிர்ச் சமூகமே பங்குபோட்டுச் செரித்துவிடும்.

அந்தச் சமூகத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். முதல் கூட்டம் பெரிய மூலக்கூறுகளை உடைக்கிறது. அடுத்தது அமிலமாக்குகிறது. மூன்றாவது கூட்டம் புரோப்பியானிக் அமிலம் போன்றவற்றை அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனுமாக மாற்ற வேண்டும். ஆனால் ஹைட்ரஜன் வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவைத் தாண்டினால் அந்த வினையில் ஆற்றலே கிடைக்காது, அந்தப் பாக்டீரியா பட்டினிதான். அதன் பக்கத்திலேயே மீத்தேனாக்கும் ஆர்க்கியா (பாக்டீரியா அல்லாத வேறு வகை நுண்ணுயிர்) ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜனை உடனுக்குடன் உறிஞ்சிவிடுவதால் இரண்டும் பிழைக்கின்றன. ஒன்று இல்லாமல் மற்றது இல்லை. கலனுக்கு ஒரே நாளில் அதிகத் தீனி போட்டால் அமிலமாக்கும் கூட்டம் முந்திக்கொள்ளும், பிஹெச் சரியும், மீத்தேனாக்குபவை சுருண்டுவிடும்.

டூபாண்ட் கைவிட்ட அதே அயோவா ஆலையை 2018இல் வாங்கிய வெர்பியோ நிறுவனம், அதைப் பயிர்க்கழிவிலிருந்து மீத்தேன் எடுக்கும் ஆலையாக மாற்றியது. கொதிகலன் சொன்ன 1,600 கோடி கேலன் இலக்கைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். அது பக்கத்தில்கூட எட்டப்படவில்லை. எட்டிய சிறு பகுதியிலும் பெரும்பங்கு எத்தனால் இல்லை, 2014க்குப் பிறகு கணக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்ட உயிரி எரிவாயுதான், அதாவது மீத்தேன்.


பசுமைக்கணக்கு எழுதியது:

கசிவை மறக்காதீர்கள். மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 27 முதல் 30 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். மூடியில், குழாயில், கழிவுக் குளத்தில் சில சதவீதம் கசிந்தாலே நன்மையில் பாதி போய்விடும். நான் ஆதரிக்கும் ஆலை, கசிவை அளந்து வெளிப்படையாகச் சொல்லும் ஆலை.


வானோடி எழுதியது:

நுண்ணோக்கியின் வாதம் தரைக்குச் சரி. நெடுந்தூர விமானத்தை மீத்தேனிலோ மின்கலத்திலோ ஓட்ட முடியாது. அங்கே திரவ ஹைட்ரோகார்பன் தேவை. எத்தனாலில் லிட்டருக்கு 21 மெகா ஜூல் ஆற்றல்தான், பெட்ரோலில் 32. விமான எரிபொருள் அதைவிடவும் அடர்த்தி. ஆனால் எத்தனாலிலிருந்து தண்ணீரை நீக்கி எத்திலீனாக்கி, அவற்றைக் கோத்து நீளமாக்கி, ஹைட்ரஜன் ஏற்றினால் விமான எரிபொருள். இந்த வழி 2018இல் எத்தனாலுக்கும் அங்கீகரிக்கப்பட்டது. அதனால் எத்தனால் நுண்ணுயிர்களைக் கைவிட முடியாது.

அப்புறம், சர்க்கரை வழியாகத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? குளோஸ்ட்ரிடியம் ஆட்டோஎத்தனோஜீனம் என்ற பாக்டீரியா, முயல் எச்சத்திலிருந்து கிடைத்தது. கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் தின்று எத்தனால் தருகிறது. நியூசிலாந்தில் 2005இல் தொடங்கிய லான்சாடெக் இதை வைத்துத் தொழில் செய்தது. 2018இல் சீனாவில் ஓர் எஃகு ஆலையின் கழிவு வாயுவில் முதல் வணிக ஆலை ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டே அப்படிக் கிடைத்த எத்தனாலிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்து ஒரு பயணிகள் விமானம் அட்லாண்டிக்கைக் கடந்தது.

எஃகு ஆலை வாயுவின் கார்பன் நிலக்கரியிலிருந்து வந்தது என்று பசுமைக்கணக்கு கேட்பார். உண்மைதான், அது இரண்டாம் முறை பயன்படுகிறது, அவ்வளவே. ஆனால் வைக்கோலையே வாயுவாக்கி இதே பாக்டீரியாவுக்குக் கொடுத்தால்? லிக்னினும் சேர்ந்தே வாயுவாகிவிடும். செம்பருத்தியின் நொதி பயந்த லிக்னின் அங்கே தடையே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில்: கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், பாக்டீரியாவின் வாய்க்குப் போதுமான வேகத்தில் ஊட்டுவதுதான் கலன் வடிவமைப்பின் மொத்தச் சவாலும்.


தாரகை எழுதியது:

பாசி பற்றி யாருமே பேசவில்லையே? எண்ணெய் தரும் நுண்பாசி என்று நிறையப் படித்திருக்கிறேன்.


கொதிகலன் எழுதியது:

திறந்த குளத்தில் பாசி அடர்த்தி லிட்டருக்கு அரை கிராம், ஒரு கிராம் அளவில்தான் இருக்கும். ஒரு கிலோ காய்ந்த பாசிக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கும் மேல் கையாள வேண்டும். அதில் கால் பங்கு எண்ணெய் என்றால் ஒரு கிலோ எண்ணெய்க்கு நான்காயிரம் லிட்டருக்குக் குறையாது. கூடவே ஒரு சங்கடம்: நைட்ரஜனைக் குறைத்துப் பட்டினி போட்டால்தான் பாசி எண்ணெய் சேர்க்கும், பட்டினி போட்டால் வளர்ச்சி நின்றுவிடும். அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை இதற்கென ஒரு திட்டமே நடத்தி நிறுத்தியது. எக்ஸான் 2009இல் பெரிய அளவில் இறங்கி 2023இல் வெளியேறியது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது கூடவே கிடைக்கும் பாசி என்றால் பொருள் உண்டு. எரிபொருளுக்காகவே வளர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.


நொதிவிரும்பி எழுதியது:

வானோடி சொன்ன ஹைட்ரோகார்பனை நுண்ணுயிரே நேரடியாகச் செய்யலாமே என்ற கேள்வியும் வரும். செய்ய வைத்திருக்கிறார்கள். அமிரிஸ் நிறுவனம் ஈஸ்ட்டை மாற்றி ஃபார்னசீன் என்ற ஹைட்ரோகார்பனை எடுத்தது. தண்ணீரில் கரையாது, மேலே பிரிந்து நிற்கும், நுண்ணோக்கியின் நிபந்தனைக்கு நன்றாகவே பொருந்தும். ஆனாலும் அந்த நிறுவனம் எரிபொருளை விட்டு அழகுசாதனப் பொருட்களுக்குப் போய், 2023இல் திவால் மனு போட்டது.

இதன் வேர் உயிரியலில் இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் ஈஸ்ட் எத்தனால் செய்வது நமக்காக அல்ல. அது செய்யாவிட்டால் சர்க்கரையை உடைக்கும் பாதையே நின்று செல் செத்துவிடும். உயிர் வாழ்வதும் எத்தனால் செய்வதும் அதற்கு ஒரே வேலை. அதனால்தான் குளுக்கோஸின் ஆற்றலில் ஏறக்குறைய 97 சதவீதம் எத்தனாலில் அப்படியே தங்குகிறது. ஃபார்னசீனால் செல்லுக்கு ஒரு பயனும் இல்லை. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவாகும், காற்று ஊட்ட வேண்டும், சர்க்கரை எடையில் அதிகபட்சம் கால் பங்கு அளவே கிடைக்கும். தலைமுறைகள் போகப் போக, அந்தச் சுமையை உதறிய செல்கள் கலனில் பெருகிவிடும். நுண்ணுயிரின் பிழைப்போடு ஒத்துப்போகும் எரிபொருள்தான் ஆலையில் நிலைக்கிறது: எத்தனால், மீத்தேன், வாயு உண்ணும் பாக்டீரியாவின் எத்தனால். மூன்றுமே அப்படித்தான்.


செம்பருத்தி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. முன்பதப்படுத்தலுக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆட்டோகிளேவும் (அழுத்த நீராவிக் கலன்) சோடியம் ஹைட்ராக்சைடும் இருக்கின்றன. நீராவி வெடிப்புக் கருவி இல்லை. காரத்திலேயே போகலாமா? சர்க்கரையை டிஎன்எஸ் என்ற நிறமாற்ற முறையில் அளக்கிறேன். அதே கலனில் ஈஸ்ட்டையும் சேர்த்துவிடலாமா?


நொதிவிரும்பி எழுதியது:

காரம் போதும். நெல், கோதுமை போன்ற புல்வகை வைக்கோலுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். 1 முதல் 2 சதவீதக் கரைசல், பத்துக்கு ஒன்று என்ற அளவில் வைக்கோல், 121 டிகிரியில் அரை மணியிலிருந்து ஒரு மணி. பிறகு பிஹெச் நடுநிலைக்கு வரும்வரை கழுவுங்கள்.

கழுவியதை அடுப்பில் வைத்து உலர்த்திவிடாதீர்கள். காரம் திறந்துவிட்ட நுண்துளைகள் உலரும்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளும், மறுபடி நனைத்தாலும் முழுதாகத் திறக்காது. ஈரத்தோடே குளிர்ப்பெட்டியில் வையுங்கள். ஒரு சிறு மாதிரியை மட்டும் தனியே உலர்த்தி ஈரப்பதத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். செல்லுலோஸ் அளவையும் கழுவிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். லிக்னினும் கொஞ்சம் ஹெமிசெல்லுலோஸும் போயிருப்பதால் சதவீதம் கூடியிருக்கும். பழைய எண்ணில் வகுத்தால் விளைச்சல் பொய்யாக உயர்ந்து தெரியும்.

டிஎன்எஸ் எல்லா ஒடுக்கும் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். சைலோஸ், செல்லோபயோஸ் எல்லாம் உள்ளே வந்துவிடும், குளுக்கோஸ் எவ்வளவு என்று தனியாகத் தெரியாது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் முறையையும் கூடவே செய்யுங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், பீட்டா குளுக்கோசிடேஸ் போதவில்லையா என்று முதலில் பாருங்கள். நொதி மட்டும் போட்ட குழாய் ஒன்று, வைக்கோல் மட்டும் போட்ட குழாய் ஒன்று, இரண்டும் ஒவ்வொரு முறையும் இருக்கட்டும். மிஞ்சிய லிக்னின் நொதியைப் பிடித்துவைக்கிறதா என்று தெரிய, ஒரு தொகுதியில் நொதிக்கு முன்பே மலிவான புரதம் எதையாவது, எடுத்துக்காட்டாக மாட்டு அல்புமின், போட்டுப் பாருங்கள். விளைச்சல் கூடினால் விடை கிடைத்துவிட்டது.

ஈஸ்ட்டைச் சேர்த்துப் போடலாம். குளுக்கோஸ் உடனுக்குடன் காலியாவதால் நொதி தடைபடாது. நொதிக்கு 50 டிகிரி, ஈஸ்ட்டுக்கு 30 முதல் 35 என்பதுதான் இழுபறி. கூடம் ஒத்துழைத்தால் குளுய்வெரோமைசிஸ் மார்க்சியானஸ் கேட்டுப் பாருங்கள், 45 டிகிரி வரை தாங்கும் ஈஸ்ட் அது.


செம்பருத்தி எழுதியது:

72 மணி நேரத்தில் வெளிக் கிருமிகள் சர்க்கரையைத் தின்னாமல் இருக்க சோடியம் அசைடு போடுகிறேன். ஈஸ்ட் சேர்க்கும் தொகுதியிலும் போடலாமா?


நொதிவிரும்பி எழுதியது:

கூடாது, அது ஈஸ்ட்டையும் கொல்லும். சர்க்கரை மட்டும் அளக்கும் குழாய்களுக்கு அசைடு சரி. ஈஸ்ட் சேர்ப்பவற்றுக்கு வைக்கோலை ஆட்டோகிளேவ் செய்து, நொதிக் கரைசலை நுண்வடிகட்டியில் வடித்துச் சேருங்கள்.


நுண்ணோக்கி எழுதியது:

செம்பருத்தி, காரம் கழுவிய கறுப்பு நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதில் கரைந்த ஹெமிசெல்லுலோஸும் அசிட்டிக் அமிலமும் இருக்கும். பிஹெச்சை 7க்குக் கொண்டுவந்து, செரிமானக் கலனின் சேற்றுக் கரைசல் கொஞ்சத்தோடு மூடிய புட்டியில் போட்டு 37 டிகிரியில் வைத்து, வாயு எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். சோடியம் அதிகமானால் மீத்தேனாக்குபவை முடங்கும், அதனால் நீர்த்த அளவுகளிலிருந்து தொடங்குங்கள். ஒரே வைக்கோலிலிருந்து எத்தனால் எவ்வளவு, மீத்தேன் எவ்வளவு என்று இரண்டையும் மெகா ஜூலில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினால், உங்கள் ஆய்வேடு இந்த இழையில் நாங்கள் வாதாடிய விஷயத்துக்கே தரவு தரும். முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் இங்கே பதிவிடுங்கள்.